வெளிவளைவில் முந்தியவள்

சத்தியபாமா முதன்முதலாக ஐஸில் விழுந்தபோது நான் நாலடி தள்ளி, சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். மல்லாந்து கிடந்தவள் அழவில்லை, வெட்கப்படவும் இல்லை. கூரை விளக்குகளைப் பார்த்தபடியே, "கலா, இது வழுக்கேல்லை! இது ஓடுது!" என்று கத்தினாள்.

அது 1972 ஜூன் மாதம். மெல்பர்னின் தென்கிழக்கே ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். என் பெயர் சந்திரகலா, ஊர் கோயம்புத்தூர். அவளுக்கு யாழ்ப்பாணத்தில் நெல்லியடி. கூடத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டே பேர். அவள் பேசியதில் பாதி முதல் மாதம் எனக்குப் புரியவில்லை. நான் பேசுவதைக் கேட்டால் படம் பார்ப்பதுபோல் இருக்கிறது என்று அவள் சிரிப்பாள். கிளேட்டனில் ஒரே தெருவில் குடியிருந்தோம் என்பதும் சேர்ந்துகொள்ள, ஒட்டிக்கொண்டோம்.

வேலை இடத்திலிருந்து ஒரு சனிக்கிழமை எல்லாரையும் ஐஸ் ரிங்குக்குக் கூட்டிப்போனார்கள். வாடகை பூட்ஸை மாட்டிக்கொண்டு நான் கம்பியை விடவே இல்லை. சத்தியா விட்டாள்; விழுந்தாள்; எழுந்து மறுபடி விட்டாள். கணவரின் கம்பளிக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அது முழங்காலில் நனைந்து தொங்கியது. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. ஒரு தடவை விழுவதற்கும் அடுத்த தடவை விழுவதற்கும் நடுவே தூரம் மட்டும் கூடிக்கொண்டே போனது.

பொதுமக்கள் நேரம் முடிந்து மணி அடித்ததும் எல்லாரும் வெளியே வந்து பூட்ஸைக் கழற்றினோம். அப்போது ஏழெட்டுப் பேர் ஐஸில் இறங்கினார்கள். தலையில் ஹெல்மெட், காலில் நீளமான பிளேடுகள். இடுப்பை மடக்கிக் குனிந்து, ஒரு கையை முதுகில் வைத்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தார்கள். நேர்ப்பாதையில் பார்க்கும்போது பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. வளைவு வந்ததும் அத்தனை பேரும் ஒரே பக்கமாக, இடது பக்கமாக, சாய்ந்தார்கள். ஓடுகிற வேகத்தில் பாதி படுத்துவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும். விழுந்துவிடுவார்கள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் அடுத்த வளைவில் இருந்தார்கள்.

சத்தியா ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் பூட்ஸுமாக எழுந்து நின்றாள்.

"பொம்பிளையளும் இருக்கினம்" என்றாள்.

"ஆமா, ரெண்டு பேரு. வா போகலாம், இங்க குளிருது."

அவள் வரவில்லை. நொண்டிக்கொண்டே தடுப்புச் சுவரோரம் நின்ற உயரமான மனிதரிடம் போனாள். அவர் ஹென்க். ஹாலந்திலிருந்து குடியேறிய தச்சர். அந்த வேக ஸ்கேட்டிங் கிளப்பை நடத்துகிறவர். தானும் சேர முடியுமா என்று இவள் கேட்டாள். எத்தனை காலமாக ஸ்கேட்டிங் செய்கிறாய் என்று அவர் கேட்டார்.

"மத்தியானத்திலிருந்து" என்றாள் சத்தியா.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். இவள் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "செவ்வாய்க்கிழமை காலை வா. விடிவதற்குள் வா" என்றார்.

காரில் ஏறியதும் என் பக்கம் திரும்பினாள். அவளிடம் கார் இல்லை. என்னிடம் ஒரு பழைய மோரிஸ் இருந்தது.

"கலா, நீர் என்னைக் கொண்டுபோய் விடுவீரே?"

எனக்கு விடிகாலையில் எழுவது அறவே பிடிக்காது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு மாட்டேன் என்று சொல்ல முடியாது. வாரத்தில் மூன்று காலைகள், நான்கு குளிர்காலங்கள் அவளைக் கொண்டுபோய் விட்டேன்.

பள்ளியில் ஓட்டக்காரியாக இருந்தவள் அவள். விளையாட்டுப் போட்டி என்றால் நூறு கஜ ஓட்டத்தில் அவளை யாரும் முந்தியதில்லையாம். பதினேழு வயதில் "இனிப் போதும், பெரிய பிள்ளை" என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். பிறகு கொழும்பில் பரிசோதனைக்கூடப் பயிற்சி, கலியாணம், கணவரின் ஆராய்ச்சிக்காகக் கிளேட்டன். அவள் இதைச் சொல்லும்போது குறைபட்டுக்கொண்டதில்லை. "பசி வந்து அடங்கின மாதிரி இருந்தது, இப்ப திரும்ப வந்திட்டுது" என்று மட்டும் சொன்னாள்.

கணவர் சிறிதரன் மெலிந்த, மெதுவாகப் பேசும் மனிதர். நான் சிறி அண்ணா என்று கூப்பிடுவேன். முதல் வாரம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"விழுந்து கால் முறிஞ்சா என்ன செய்வீர்?"

"பிளாஸ்டர் போடுவினம்."

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு கழட்டுவினம்."

 அன்றிலிருந்து அவர் அவளுடைய பிளேடை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார். அவர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தது உருக்கைத்தான். மனைவியின் காலுக்கடியில் தன் பாடம் வந்து நிற்கிறதே என்று அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சிதான் அடுத்த ஆண்டு எங்களை ஒரு வழி பண்ணியது.

1973இல் விக்டோரியா மாநிலப் போட்டி. சத்தியாவுக்கு முதல் பெரிய போட்டி. அதற்கு முந்திய நாள் சிறி அண்ணா பிளேடை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் அளந்து பார்த்திருக்கிறார். விளிம்பு நேராக இல்லை, நடுவில் லேசாகப் புடைத்து இரண்டு முனையிலும் மேலேறியிருந்தது. செய்தவன் சரியாகச் செய்யவில்லை என்று முடிவுகட்டி, அரைக்கும் இயந்திரத்தில் கொடுத்து ஸ்கேல் போல நேராக்கிக்கொண்டு வந்துவிட்டார். மனைவிக்குச் சொல்லவில்லை, ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைத்தார்.

ஆச்சரியமாகத்தான் இருந்தது. துப்பாக்கி வெடித்தது. சத்தியா அம்பு போலக் கிளம்பினாள். என் பக்கத்தில் சிறி அண்ணா, "பாருங்கோ, பாருங்கோ!" என்று குதித்தார். வளைவு வந்தது. எல்லாரும் சாய்ந்தார்கள், அவளும் சாய்ந்தாள். எல்லாரும் திரும்பினார்கள், அவள் திரும்பவில்லை. நேராகப் போய், குறுக்கே வந்த ஒருத்தியையும் வாரிக்கொண்டு, சுவரில் சாத்தியிருந்த பஞ்சு மெத்தைக்குள் புகுந்துவிட்டாள்.

வாரிக்கொண்டு போனது சாதாரண ஆளையும் அல்ல. மோரீன். ஓக்லியில் முடி திருத்தும் கடை வைத்திருந்தவள், மாநிலச் சாம்பியன். அதே கிளப்தான் என்றாலும் அதுவரை சத்தியாவோடு பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டாள். மெத்தைக்கு அடியிலிருந்து அவள் குரல் கேட்டது: "ஏம்மா, உனக்கு ஸ்டியரிங் வைக்க மறந்துவிட்டார்களா?" தொடர்ந்து இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம். அந்த மெத்தைக்கடியில் தொடங்கியதுதான் அவர்கள் சிநேகம்.

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுச் சமையலறையில் நடந்ததை நான் மறக்க மாட்டேன். சத்தியா பிளேடை மேசையில் வைத்தாள்.

"இதை ஆர் தொட்டது?"

"நான்தான். நேராக்கினனான்" என்றார் சிறி அண்ணா.

"வளையிறதுக்குத்தானே வளைவா வைச்சிருக்கிறாங்கள்! நேரா இருந்தா நேராத்தானே போகும்! நான் என்ன ரயிலே?"

அவர் பிளேடைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு நோட்டமிட்டபடி, "அப்ப எவ்வளவு வளைவு வேணும்?" என்றார். அவளுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமையே சிறி அண்ணா ஹென்கிடம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பிளேடு தீட்டப் பழகினார். அதன்பின் எண்ணெயும் தீட்டுகல்லும் அவர்கள் சமையலறையில் உப்புப் புளிக்குப் பக்கத்தில் இருந்தன. அவள் பிளேடை அவரைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை.

அப்போது மெல்பர்னில் தமிழ்க் குடும்பங்கள் குறைவு. மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் பஜனைக்குக் கூடுவோம். அங்கே நாகேஸ்வரி அக்கா என்று ஒரு டாக்டரின் மனைவி. நல்ல மனசு, உரத்த குரல். சத்தியா ஐஸில் ஏதோ செய்கிறாள் என்று கேள்விப்பட்டு, டெலிவிஷனில் காட்டுகிற ஐஸ் நடனம் என்று நினைத்துக்கொண்டார். 1974 மாநிலப் போட்டிக்கு ஒரு கூட்டத்தையே பட்டுப் புடவையும் மல்லிகைச் சரமுமாகத் திரட்டிக்கொண்டு வந்துவிட்டார். சரம் பிளாஸ்டிக், அந்தக் குளிரில் வேறென்ன கிடைக்கும்.

"பிள்ளை, டான்ஸ் எப்ப தொடங்கும்?" என்று என்னைக் கேட்டார்.

"அக்கா, இது டான்ஸ் இல்ல, ரேஸ்."

"பாட்டு இல்லையோ? கவுன் போடேல்லையோ?"

நான் விளக்குவதற்குள் துப்பாக்கி வெடித்தது. ஹெல்மெட் போட்ட ஐந்து பெண்கள் முழங்கையால் இடித்துக்கொண்டு முதல் வளைவுக்குப் பாய்ந்தார்கள். ஒருத்தி விழுந்து சுழன்று எங்கள் முன்னால் சுவரில் மோதினாள். பட்டுப் புடவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் பின்வாங்கின. "ஐயோ, அடிபடுகுதுகள்! ஆராவது பிடியுங்கோ!" என்று நாகேஸ்வரி அக்கா கத்தினார். அடுத்த சுற்றில் சத்தியா மூன்றாவதாக எங்களைக் கடந்தாள். அதற்கடுத்த சுற்றில் இரண்டாவதாக. அக்காவின் குரல் மாறியது. "அவள் எங்கட பிள்ளையெல்லே? முன்னுக்கு நிக்கிறவள் ஏன் விடுறாள் இல்லை? விடடி அவளை!" என்று தடுப்புச் சுவரை அடிக்க ஆரம்பித்தார்.

முன்னால் இருந்தவள் மோரீன், அவள் விடவில்லை. சத்தியா இரண்டாவதாக வந்தாள். நாகேஸ்வரி அக்கா மூச்சு வாங்க உட்கார்ந்து, "டான்ஸ் எண்டால் நித்திரையாகியிருப்பன்" என்றார்.

1975இல் மோரீன் முழங்கால் வலியால் ஒதுங்கியிருந்த மாநிலப் போட்டியில் சத்தியா முதலாவதாக வந்தாள். உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒருவர் வந்து பேட்டி எடுத்தார். அடுத்த வாரம் "பனிக்கட்டியையே பார்த்திராத தேசத்திலிருந்து வந்த பெண்" என்று படத்தோடு போட்டார்கள். சத்தியாவுக்கு வந்த கோபம்!

"நான் ஐஸ் பார்க்கேல்லையாம்! மீன் கொண்டுபோற லொறியில பார் பாரா ஐஸ், மரத்தூள் தூவி வைச்சிருப்பினம். நாங்கள் சின்னனில ஒரு துண்டு எடுத்துக்கொண்டு ஓடுவம். அதுக்கு மேல ஒருத்தரும் ஓடேல்லை, அவ்வளவுதான்."

"அந்த ஆளு வேற என்ன கேட்டாரு?" என்றேன்.

"ஏன் ஓடுறீர் எண்டு கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

கார் கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தாள். "ஒண்டும் சொல்லேல்லை. என்ன சொல்லுறது? ஆக்கள் ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு சொல்லினம். வெள்ளைக்காரருக்குக் காட்டுறதுக்காம். பிள்ளை இல்லாத கவலையாம். அப்படி ஒண்டும் இல்லை கலா. வளைவுக்குள்ள போகேக்க ஒரு இடம் வரும். உடம்பு முழுக்க ஒரு பக்கம் சரிஞ்சிருக்கும், ஆனா விழமாட்டன் எண்டு காலுக்குத் தெரியும். அந்த நேரம் எனக்குள்ள ஆரோ சிரிக்கிற மாதிரி இருக்கும். அதுக்குத்தான் போறன். கொஞ்சம் கெதியாப் போனா இன்னும் கொஞ்சம் சரியலாம். அதுக்காகத்தான் கெதியாப் போறன்."

பரிசுக்காக அவள் ஓடவில்லை என்று சொல்லமாட்டேன். கோப்பையை வாங்கிக்கொண்டு வந்த அன்று மடியிலிருந்து இறக்கவே இல்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை இருட்டில், புல்லில் பனி உறைந்துகிடக்கும் காலையில், போர்வையை உதறிவிட்டு அவள் ஓடிவந்து என் காரில் ஏறியது அந்த வளைவுக்காகத்தான். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த ஆண்டின் முடிவில் சிறி அண்ணாவின் ஆராய்ச்சி முடிந்தது. இலங்கையில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலை அவருக்காகக் காத்திருந்தது. இரண்டு பேரும் திரும்பிப் போவதாகத்தான் முதலிலிருந்தே ஏற்பாடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை புட்டுச் சாப்பிட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பாட்டு நடுவில் சிறி அண்ணா, "பெப்ரவரியில போவமே?" என்றார்.

சத்தியா தட்டைப் பார்த்துக்கொண்டு, "நான் அங்க வந்து என்ன செய்யிறது?" என்றாள்.

"ஆஸ்பத்திரி இருக்குத்தானே. உமக்கு வேலை கிடைக்கும்."

"வேலை கிடைக்கும். எனக்குத் தெரியும்." அவள் கண் கலங்கிவிட்டது. அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "அடுத்த வருஷம் செப்டம்பரில ஆஸ்திரேலிய அணிக்குத் தெரிவு. ஹாலந்தில நடக்கிற சர்வதேசப் போட்டிக்கு ரெண்டு பொம்பிளையளை அனுப்பப் போகினம். நானும் வரலாம் எண்டு ஹென்க் சொல்லுறார். வராமலும் போகலாம். ஆனா ஓடிப்பார்க்காமல் போனா நான் உங்களோட சந்தோசமா இருக்க மாட்டன். பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை."

சிறி அண்ணா தட்டிலிருந்த புட்டைப் பிசைந்துகொண்டிருந்தார். ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று அவர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்பது எனக்குத் தெரியும்; பேராதனை என்று சொல்லும்போதே அவர் குரல் இளகும். நான் எழுந்து போய்விடலாமா என்று யோசித்தேன். அப்போது அவர், "பேராதனை அங்கதான் இருக்கும். ஒருத்தரும் தூக்கிக்கொண்டு போகமாட்டினம்" என்றார். தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, "உம்முடைய கால் அப்படி இருக்காது. வயசு போகும். சரி, ஓடிப்பாரும்" என்றார்.

அவர் வேலை தேடியபோது சிட்னியில்தான் கிடைத்தது; லிட்கம் பக்கம் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில். 1976 தொடக்கத்தில் ஹோம்புஷில் ஒரு மாடிக் குடியிருப்புக்குப் போனார்கள். சத்தியா அங்கே ஒரு மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் சேர்ந்தாள். ஒரு சிட்னி கிளப்பில் பயிற்சி எடுத்தாள். ஆஸ்திரேலிய அணிக்கு ஓடக் குடியுரிமை வேண்டும் என்றார்கள். இரண்டு பேரும் சேர்ந்தே வாங்கினார்கள். நகராட்சி மண்டபத்தில் நின்று உறுதிமொழி சொன்னபோது சிறி அண்ணாவின் குரல் தடுமாறியதாகவும், தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டதாகவும் அவள் போனில் சொன்னாள். அடுத்த வாக்கியத்திலேயே, "கலா, இஞ்சத்தை ஐஸ் கொஞ்சம் இறுக்கம்! வேகம் கூட!" என்று ஆரம்பித்துவிட்டாள்.

செப்டம்பரில் தேர்வுப் போட்டி. மெல்பர்னில், அவள் முதலில் விழுந்த அதே ரிங்கில். சிட்னியிலிருந்து காரில் வந்து என் வீட்டில்தான் தங்கினார்கள். மூன்று ஓட்டங்கள், புள்ளிகளைக் கூட்டி முதல் இரண்டு பேர் ஹாலந்துக்கு. மோரீன் முழங்கால் சரியாகித் திரும்பி வந்திருந்தாள். அவளுக்கு ஒரு இடம் நிச்சயம் என்று எல்லாருக்கும் தெரியும். மற்ற இடத்துக்குச் சத்தியாவும் சிட்னிக்காரி டெப்ராவும். டெப்ரா அகன்ற தோள்காரி. அவள் முன்னால் போய்விட்டால் உள்பக்கத்தை அடைத்துவிடுவாள், சந்து கிடைக்காது.

முதல் ஓட்டம், ஐந்நூறு மீட்டர். இரண்டாவது வளைவில் யாரோ ஒருத்தியின் கால் தட்டிச் சத்தியா விழுந்தாள். எழுந்து ஓடி முடித்தாள், கடைசி ஆளாக. முழங்கை எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. சிறி அண்ணாவின் முகத்தில் ரத்தமே இல்லை. இரண்டாவது ஓட்டம் ஆயிரம் மீட்டர். மோரீன் முதல், சத்தியா இரண்டு, டெப்ரா மூன்று. ஹென்க் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: மோரீன் இடம் உறுதியாகிவிட்டது, கடைசி ஓட்டத்தில் சத்தியா முதலாவதாக வந்தால் அவளும் போகலாம். இரண்டாவதாக வந்தால் போதாது. டெப்ராவை முந்தினாலும் போதாது. மோரீனையும் முந்த வேண்டும்.

நான் மெதுவாக, "மோரீன்தான் உன் சிநேகிதியாச்சே. அவளுக்கு இனி ஜெயிச்சாலும் ஒண்ணுதான் தோத்தாலும் ஒண்ணுதான்…" என்று ஆரம்பித்தேன்.

சத்தியா என்னை முறைத்துவிட்டு எழுந்து மோரீனிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன். மோரீன் பூட்ஸ் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"மோரீன், நீ எனக்கு விட்டுக்கொடுத்தால் சாகும்வரை உன்னோடு பேச மாட்டேன்" என்றாள் சத்தியா ஆங்கிலத்தில்.

மோரீன் நிமிர்ந்து பார்த்தாள். "விட்டுக்கொடுப்பதா? என்னை மெத்தைக்குள் தள்ளியவள் நீ. மூன்று வருஷமாக அதற்குக் காத்துக்கொண்டிருக்கிறேன்" என்றாள். இரண்டு பேரும் ஹெல்மெட்டோடு ஹெல்மெட் முட்டிக்கொண்டார்கள்.

கடைசி ஓட்டம் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். துவக்கக் கோட்டில் அவர்கள் நிற்கும்போது திரும்பிப் பார்த்தேன். சிறி அண்ணாவைக் காணவில்லை. கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விட்டார் என்று யாரோ சொன்னார்கள். பார்க்கத் தைரியமில்லை.

துப்பாக்கி வெடித்தது. முதல் சுற்றுகள் மெதுவாகத்தான் போயின. ஒருவரை ஒருவர் நோட்டம் பார்க்கிற ஓட்டம். டெப்ரா முன்னால் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் மோரீன். சத்தியா நான்காவது. போகப் போக வேகம் ஏறியது. பிளேடுகள் ஐஸைக் கீறுகிற சத்தம் சர்க் சர்க் என்று நெருங்கி நெருங்கி வந்து ஒரே சத்தமாகிவிட்டது. ஐந்து சுற்று மிச்சம் இருக்கும்போது மோரீன் உள்பக்கம் நுழையப் பார்த்தாள். டெப்ரா தோளைக் கொடுத்து அடைத்தாள். அந்தத் தடுமாற்றத்தில் சத்தியா மூன்றாவதானாள். அடுத்த சுற்றில் மோரீன் மறுபடி முயன்று, இந்த முறை டெப்ராவைத் தாண்டிவிட்டாள்! சத்தியாவும் அவள் பின்னாலேயே புகப் போனாள். கதவு சாத்திவிட்டது. டெப்ரா நடுவில் மலை மாதிரி நின்றாள்.

நான் கத்திக்கொண்டே இருந்தேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. நாகேஸ்வரி அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். "உள்ளால போகேலாது! உள்ளால விடமாட்டாள்!"

இரண்டு சுற்று. சத்தியா நேர்ப்பாதையில் திடீரென்று விலகினாள். உள்பக்கம் அல்ல, வெளிப்பக்கம். சுவர் மெத்தை ஓரம்வரை போனாள். யாரும் அப்படிச் செய்வதில்லை. வெளிப்பக்கம் போனால் தூரம் கூடும், வேகம் தாங்காமல் வளைவு வீசி எறிந்துவிடும். ஹென்க் தலையில் கை வைத்தார். வளைவு வந்தது. சத்தியா சாய்ந்தாள். அவ்வளவு சாய்வை நான் அதுவரை பார்த்ததில்லை. தோளுக்கும் ஐஸுக்கும் நடுவே ஒரு குடத்தைக்கூட வைக்க முடியாது. டெப்ராவுக்குப் பக்கவாட்டில் அவள் தெரிந்தாள். வளைவின் நடுவில் சமமானாள். வெளியே வரும்போது ஒரு உடல் நீளம் முன்னால்!

கடைசிச் சுற்று மணி அடித்தது. முன்னால் மோரீன் மட்டும். மோரீன் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தம் கேட்டே தெரிந்திருக்கும். கையை வீசி வீசி ஓடினாள். விட்டுக்கொடுக்கிற ஓட்டம் இல்லை அது. கடைசி வளைவு. உள்ளே இடமே இல்லை. சத்தியா மறுபடி வெளியே போனாள். இரண்டு பேரும் ஒன்றாகச் சாய்ந்து, ஒன்றாக நிமிர்ந்து, கோட்டை நோக்கி ஒன்றாகக் காலை நீட்டி எறிந்தார்கள்.

யார் முதல் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நடுவர்கள் கூடிப் பேசினார்கள். சத்தியாவும் மோரீனும் ஐஸில் பக்கத்தில் பக்கத்தில் மல்லாந்து கிடந்து மூச்சு வாங்கினார்கள். அரங்கமே எழுந்து நின்றது. ஒலிபெருக்கி கரகரத்தது. "முதலிடம், நியூ சவுத் வேல்ஸ்…" சத்தியாவின் சிட்னி இருக்கிற மாநிலம்! அதற்கு மேல் நான் கேட்கவில்லை. நாகேஸ்வரி அக்கா என்னைத் தூக்கியே விட்டார்.

வெளியே ஓடினேன். சிறி அண்ணா காரில் சாய்ந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு ஓடிவந்த மூச்சில் பேச்சு வரவில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவர் தப்பாகப் புரிந்துகொண்டார்.

"பரவாயில்லை சந்திரகலா. அழாதேங்கோ. அவ நல்லாத்தானே ஓடினவ."

அப்படியில்லை என்று தலையை ஆட்டினேன். விரலை உயர்த்திக் காட்டினேன். ஒன்று.

"ஒண்டோ?" என்றார். "முதலாவதோ? உண்மையாவோ?" என்று கேட்டுக்கொண்டே ஓடினார். அந்த மெதுவான மனிதர் ஓடி நான் பார்த்ததே இல்லை. சாதாரண ஷூவோடு ஐஸில் இறங்கி, மூன்றடி போனதும் விழுந்தார். சத்தியாவும் மோரீனும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினார்கள்.

1977 மார்ச்சில் இருவரும் ஹாலந்துக்குப் போனார்கள். மோரீன் முதல் சுற்றிலேயே வெளியேறினாள். சத்தியா அரையிறுதிவரை போய், அதில் நான்காவதாக, அதாவது கடைசியாக, வந்தாள். திரும்பி வந்த அன்று நான் சிட்னியில் இருந்தேன். சிறி அண்ணாவோடு விமான நிலையத்துக்குப் போனேன். ஆறுதலாக நாலு வார்த்தை தயார் பண்ணி வைத்திருந்தேன். பச்சையும் மஞ்சளுமான அணிச் சட்டையோடு அவள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள்.

"கலா! நான் கடைசி! என்ன வேகம் தெரியுமே! ஒரு கனடாக்காரி என்னைத் தாண்டிப் போனாள், எனக்குக் காத்துத்தான் தெரிஞ்சது, ஆளைக் காணேல்லை! அவையள் வளைவில என்ன செய்யினம் தெரியுமே? இடக் கை விரலால ஐஸைத் தொட்டுக்கொண்டு போகினம். அவ்வளவு கீழ! நான் சாய்ஞ்சது ஒண்டுமேயில்லை!"

"வீட்ட போய்க் கதைப்பம்" என்றார் சிறி அண்ணா.

"இல்லை, இப்ப காட்டுறன். கையைப் பிடியுங்கோ."

கார் நிறுத்துமிடத்தில் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு முழங்காலை மடக்கிக் குனிந்தாள். சிறி அண்ணா அவள் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவள் இடது பக்கம் சாய்ந்தாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள்.

"இன்னும் விடுங்கோ."

"விழுவீர்."

"விழமாட்டன். இன்னும் கொஞ்சம்… இன்னும்…"

அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியச் சாம்பியன் பட்டத்தை அவள் வென்றாள். மணிக்கட்டு முறிந்து 1979இல் ஓட்டத்தை நிறுத்தும்வரை அந்தப் பட்டம் அவளிடமே இருந்தது. பிளாஸ்டர் போட்டார்கள், கழற்றினார்கள். அதற்குள் வயிற்றில் மகள் வந்துவிட்டாள். ஆனால் அன்று விமான நிலையத்தில் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. சிறி அண்ணா பல்லைக் கடித்துக்கொண்டு அவளைத் தாங்கி நின்றார். அவள் விரல் நுனி மெல்ல மெல்ல இறங்கித் தார்த் தரையைத் தொட்டது. "பாருங்கோ, தொட்டிட்டன்!" என்று கூவினாள். தெரியாத ஒரு கிழவர் கைதட்டினார்.